சிங்கப்பூரின் தடுப்பூசிப் பயணத் தடம்: தாயாருடன் சென்றுவந்த பின் ஒரு மதிப்பீடு

2021 டிசம்பர் நடுவில் என் தாயாரை அழைத்துக்கொண்டு சென்னையிலிருந்து சிங்கப்பூர் சென்றேன். அங்கே தங்கைக்குப் பிறந்த பெண் குழந்தைக்கு அப்போது ஒன்றரை வயது நிரம்பியிருந்தது. அதுவரை பாட்டி அவளைக் கைப்பேசித் திரையில் மட்டுமே பார்த்திருந்தார். அந்த ஆண்டு ஏப்ரல் 23 இரவு முதல், இந்தியாவிலிருந்து வரும் குறுகியகாலப் பயணிகளுக்குச் சிங்கப்பூர் கதவை மூடியிருந்தது. அக்டோபர் இறுதியில் திறந்தபோதும், அரசு குறிப்பிட்ட விடுதியில் 10 நாள் தனிமை என்ற விதி இருந்தது. 68 வயதானவரை அப்படி ஓர் அறைக்குள் அடைத்து வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. செப்டம்பர் 8 அன்று ஜெர்மனிக்கும் புருணைக்கும் தொடங்கிய தடுப்பூசிப் பயணத் தடம் நவம்பர் 29 அன்று இந்தியாவுக்கும் விரிவடைந்ததால்தான் எங்களால் செல்ல முடிந்தது.

இரண்டு தவணைத் தடுப்பூசியும் போட்டு 14 நாள் கடந்தவர், அந்தத் தடத்துக்கென ஒதுக்கப்பட்ட விமானத்தில் வந்தால், தனிமைப்படுத்தலுக்குப் பதிலாகப் பரிசோதனை செய்துகொண்டால் போதும் என்பதே இந்த ஏற்பாட்டின் சாரம். சென்னை, தில்லி, மும்பை ஆகிய 3 நகரங்களிலிருந்தும் நாளொன்றுக்கு 2 வீதம் 6 விமானங்கள் இதற்கென அனுமதிக்கப்பட்டன. தாயார் போட்டுக்கொண்டது கோவாக்சின். உலக சுகாதார அமைப்பின் அவசரகாலப் பயன்பாட்டுப் பட்டியலில் உள்ள தடுப்பூசிகளையே சிங்கப்பூர் ஏற்றது; கோவாக்சின் அதில் சேர்ந்தது நவம்பர் 3 அன்றுதான் என்பதால், அந்தச் சேர்ப்பு மேலும் தாமதித்திருந்தால் அவருடைய பயணமே நடந்திருக்காது.

புறப்படும் முன் செய்ய வேண்டியவற்றில் மிகுந்த கவனம் கோரியது தடுப்பூசிச் சான்றிதழ்தான். தமிழ்நாட்டில் நம் பெயருக்கு முன்னால் ஒரு தலைப்பெழுத்தோடு வாழ்ந்துவிடுகிறோம். கடவுச்சீட்டிலோ அந்த எழுத்து தந்தை பெயராகவோ கணவர் பெயராகவோ விரிந்து நிற்கும். கோவின் சான்றிதழில் தாயாரின் பெயர் தலைப்பெழுத்துடனும், வயது பிறந்த ஆண்டாக மட்டுமும் இருந்தன. வெளிநாட்டுப் பயணத்துக்கென முழுப் பிறந்த தேதியுடனும் கடவுச்சீட்டு எண்ணுடனும் சான்றிதழ் பெறும் வசதியைக் கோவின் தளம் அதற்குள் கொண்டுவந்திருந்தது. பெயரைத் திருத்தி, அந்தச் சான்றிதழைப் பெற்று, இந்தத் தடத்தில் வருவோருக்குச் சிங்கப்பூர் தரும் பயண அனுமதிக்கு விண்ணப்பித்தோம். இந்த அனுமதிக்குக் கட்டணம் இல்லை. ஆனால் விசாவைத் தனியாகப் பெற்றாக வேண்டும். விமானம் ஏறுவதற்குப் பல நாள் முன்பே சான்றிதழைச் சரிபார்த்து முடிவு சொல்லிவிட்டதால், குடிநுழைவு முகப்பில் நின்றுகொண்டு தாளைப் புரட்டும் பதற்றம் எங்களுக்கு இருக்கவில்லை. இந்தச் சேவையில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

குறைகளும் உண்டு. கோவிட் சிகிச்சைக்குக் குறைந்தது 30,000 சிங்கப்பூர் வெள்ளி ஈடு தரும் காப்பீடு, புறப்படுமுன் 2 நாளுக்குள் எடுத்த பரிசோதனை, சாங்கி விமான நிலையத்தில் இறங்கியதும் கட்டணத்துடன் மீண்டும் ஒரு பிசிஆர் என்று செலவு அடுக்கடுக்காக ஏறியது. முதியவர்களுக்குக் காப்பீட்டுக் கட்டணமும் கூடுதல். மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியை ஊருக்கு அனுப்பும் தொழிலாளி ஒருவர் தன் பெற்றோரை இந்தத் தடத்தில் அழைத்திருக்க முடியுமா என்பதை நான் அப்போதே யோசித்தேன், முடிந்திருக்காது.

சென்னையில் நாங்கள் சென்ற பரிசோதனைக் கூடம் ஒன்று, கேட்டுக்கொண்டும் கடவுச்சீட்டு எண்ணைச் சேர்க்காமல் அறிக்கையைக் கொடுத்துவிட்டது. விமானத்துக்கு 9 மணி நேரம் இருந்தபோது ஆட்டோ பிடித்து ஓடித் திருத்தி வாங்கினேன். அறிக்கையைக் கையில் வாங்கியவுடன் எழுத்தெழுத்தாகப் படித்துப் பார்ப்பது நல்லது.

ஒமைக்ரான் பரவியபின் இடையில் விதிகள் மாறியதையும் குறிப்பிட வேண்டும். டிசம்பர் 6 நள்ளிரவுக்குப் பின் வந்திறங்கியவர்கள் 2ஆம் நாள் முதல் 7ஆம் நாள் வரை தினமும் ஏஆர்டி எனும் விரைவுப் பரிசோதனை செய்ய வேண்டும், அவற்றுள் 3ஆம், 7ஆம் நாள் பரிசோதனையை மையத்துக்குச் சென்று பணியாளர் மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்று புதிய விதி வந்தது. பயணச்சீட்டு வாங்கியபோது இந்த விதி இல்லை. நோயைத் தடுக்க அது தேவை என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் முழங்கால் வலியுள்ள ஒரு முதியவர் இரண்டு முறை மையத்துக்குச் சென்றுவருவது எளிதன்று. வீட்டிலேயே செய்து முடிவைப் பதிவிடும் முறையை அவர்களுக்கு முதலிலேயே அனுமதித்திருக்கலாம். மையத்தில் இருந்த பணியாளர் பெண், "அம்மா, மெதுவா செய்யுங்க, அவசரமே இல்ல" என்று தமிழில் சொல்லித் தாயாரின் நடுங்கும் கையைப் பொறுத்துக் காத்திருந்ததை நான் நன்றியுடன் நினைக்கிறேன்.

சாங்கியில் மூக்குச் சளி மாதிரி கொடுத்துவிட்டு வாடகைக் காரில் நேராகத் தங்கை வீட்டுக்குச் சென்று, முடிவு வரும்வரை ஓர் அறையில் ஒதுங்கியிருந்தோம். குழந்தை கதவின் மறுபுறம் நின்று தட்டிக்கொண்டே இருந்தாள். இரவு 'தொற்று இல்லை' என்ற செய்தி வந்ததும் தாயார் கதவைத் திறந்தார்.

செலவையும் அலைச்சலையும் கழித்துக்கொண்டு பார்த்தால், 10க்கு 8 மதிப்பெண் தருவேன். 2022 ஏப்ரல் 1 முதல் இந்தத் தடம் பொதுவான தடுப்பூசிப் பயண ஏற்பாடாக மாறியது. அம்மாத இறுதியில், தடுப்பூசி போட்டவர்களுக்குப் புறப்படுமுன் பரிசோதனையும் நீங்கியது. இன்றும் தொடர்வது மின்னியல் வருகை அட்டை: சிங்கப்பூர் சென்றடையும் நாளையும் சேர்த்து 3 நாளுக்குள், உடல்நல உறுதிமொழியுடன், குடிநுழைவுத் துறையின் தளத்தில் அதை இலவசமாக நிரப்பலாம். அதற்குப் பணம் கேட்கும் வேறு தளங்களைத் தவிர்த்துவிடுங்கள்; பெயரை, தலைப்பெழுத்து விரிவு உட்பட, கடவுச்சீட்டில் உள்ளபடியே எழுதுங்கள்.