தண்டவாளம் ஏறிய பம்பரம்: பேபிளேட் எக்ஸ் வரிசை

மோதவிட்டு ஆடும் பம்பரங்களில் நெடுங்காலமாக ஒரு குறை இருந்து வந்தது. ஓடித் தாக்கும் பம்பரம் அந்த ஓட்டத்திலேயே தன் சுழற்சியை இழந்து சோர்ந்துவிடும். களத்தின் நடுவில் அசையாமல் சுழலும் பம்பரமோ பெரிதாக எதையும் செய்யாமலேயே வென்றுவிடும். ஜப்பானின் டக்காரா டோமி நிறுவனம் 2023 ஜூலையில் அறிமுகப்படுத்திய பேபிளேட் எக்ஸ் வரிசை, இந்தக் குறைக்கான தீர்வைப் பம்பரத்தில் மட்டும் தேடாமல், அது ஆடும் களத்திலும் தேடியது. அந்தத் தீர்வு நன்றாகவே வேலை செய்கிறது என்பதும், 1999 முதல் வந்த பேபிளேட் தலைமுறைகளில் ஆட்டம் என்ற அளவில் இதுவே சிறந்தது என்பதும் என் துணிபு. ஆனால் இதை விற்கும் முறையைப் பற்றி அதே மகிழ்ச்சியுடன் எழுத முடியவில்லை.

முதலில் களத்தைப் பார்ப்போம். எக்ஸ்ட்ரீம் ஸ்டேடியம் எனப்படும் கிண்ணம் போன்ற களத்தின் ஓரச் சரிவில், பற்கள் வரிசையாக அமைந்த ஒரு தண்டவாளம் ஓடுகிறது. அதற்கு எக்ஸ்ட்ரீம் லைன் என்று பெயர். பம்பரத்தின் அடிமுனையைச் சுற்றியும் சிறு பற்கள் உள்ளன. ஓடும் பம்பரம் சரிவில் ஏறி அந்தத் தண்டவாளத்தைத் தொட்டவுடன், பல்லும் பல்லும் கவ்விக்கொள்ள, பம்பரம் திடீரென வேகம் பிடித்து விளிம்பில் பாய்ந்து, களத்தின் நடுவை நோக்கி எறியப்படுகிறது. இதைத்தான் எக்ஸ் டேஷ் என்கிறார்கள். இங்கே புதிதாக எந்த ஆற்றலும் பிறக்கவில்லை. பம்பரத்துக்குள் சுழற்சியாகத் தேங்கியிருந்த ஆற்றலின் ஒரு பகுதி, வழுக்கி வீணாகாமல், ஒரே பாய்ச்சலில் நகர்வேகமாக மாறுகிறது. முன்பெல்லாம் தட்டை முனையுள்ள தாக்குதல் பம்பரம் தரையில் தேய்ந்து தேய்ந்து இழந்த ஆற்றலை, இப்போது எதிரியின் மேல் இறக்க முடிகிறது.

இந்த ஒரு மாற்றத்தால் ஏவும் கைக்கு மதிப்புக் கூடிவிட்டது. தட்டை முனையுள்ள ஒரே பம்பரத்தை இருவர் ஏவினால் இரண்டு வெவ்வேறு ஆட்டங்களைக் காணலாம். முழு வலுவுடன் இழுத்தால் அது உடனே தண்டவாளத்தைப் பிடித்துவிடும். ஆனால் எதிரி எங்கே நிற்கிறான் என்று பாராமல் பாய்ந்து, தானே களத்துக்கு வெளியே விழவும் கூடும். சற்று அடக்கி, பம்பரத்தை ஏவும் கருவியான லாஞ்சரைச் சாய்த்து ஏவினால் முதல் பாய்ச்சல் தாமதமாகும். எதிரியின் பம்பரம் நடுவில் நிலைகொண்ட பிறகு அடி விழும். இந்தக் கைப்பழக்கத்தை எந்தப் பெட்டியும் தர முடியாது. விலை கொடுத்து வாங்கும் பாகங்களே வெற்றியைத் தீர்மானிக்கும் என்று எண்ணி இந்த விளையாட்டை ஒதுக்கியவர்கள், இந்தக் காரணத்துக்காகவே ஒருமுறை மீண்டும் பார்க்க வேண்டும்.

மதிப்பெண் முறையும் துணிச்சலுக்குச் சாதகமாக வகுக்கப்பட்டிருக்கிறது. எதிரியைவிட அதிக நேரம் சுழன்று வெல்லும் ஸ்பின் ஃபினிஷுக்கு 1 புள்ளிதான். எதிரியை ஓரத்துப் பள்ளத்தில் தள்ளும் ஓவர் ஃபினிஷுக்கும், பாகம் பாகமாகச் சிதறடிக்கும் பர்ஸ்ட் ஃபினிஷுக்கும் தலா 2 புள்ளிகள். தண்டவாளத்தின் வேகத்தில் எதிரியை எக்ஸ்ட்ரீம் பள்ளத்துக்குள் அடித்துத் தள்ளினால் 3 புள்ளிகள். முதலில் 4 புள்ளிகளை எட்டுபவரே வெற்றியாளர். ஆகவே, நின்று சுழல்வதை மட்டும் நம்புகிறவர் நான்கு சுற்றுகளை வெல்ல வேண்டியிருக்க, தாக்குகிறவர் இரண்டே சுற்றுகளில் ஆட்டத்தை முடித்துவிட முடியும். இந்தக் கணக்கு மிகவும் யோசித்துப் போடப்பட்டது. பொறுமைக்கும் துணிவுக்கும் இடையே ஒவ்வொரு சுற்றிலும் தெரிவு செய்யும் நிலையில் அது ஆட்டக்காரரை வைக்கிறது.

பம்பரம் மூன்று பாகங்களால் ஆனது. மேலே, உலோகம் பதித்த பிளேடு. பெரும்பாலும் 30 கிராமுக்கு மேல் எடையுள்ள இதுதான் அடி கொடுப்பதும் வாங்குவதும். நடுவில் ராட்செட் எனப்படும் பூட்டு. கீழே பிட் எனப்படும் முனை. பெயரிடும் முறை இதைவிடத் தெளிவாக இருக்க முடியாது. டிரான் ஸ்வார்டு 3-60 எஃப் என்றால், டிரான் ஸ்வார்டு பிளேடு, மூன்று புடைப்புகளும் 60 என்ற உயர அளவும் உள்ள ராட்செட், ஃபிளாட் எனப்படும் தட்டை முனை என்று பொருள். பெட்டியைத் திறக்காமலேயே உள்ளே இருக்கும் பம்பரம் எப்படி நடந்துகொள்ளும் என்று ஊகிக்கலாம். 80 உயரமுள்ள ராட்செட் பம்பரத்தை உயர்த்துவதால் அதன் அடிப்பகுதி எதிரியின் அடிக்குத் திறந்து கிடக்கும். ராட்செட்டிலேயே அடி விழுந்தால் பூட்டு எளிதில் விடுபடும். 60 உயரத்தில் அந்த அபாயம் குறைவு, ஆனால் பம்பரம் சாயும்போது களத்தை விரைவில் உரசத் தொடங்கும்.

முன்னோடிகளைப் பற்றி ஓரிரு வரிகள் போதும். ஜப்பானில் வழங்கிவந்த பேகோமா என்ற சிறு உலோகப் பம்பர விளையாட்டிலிருந்து உருவானது பேபிளேட். 1999இல் டக்காரா நிறுவனம் வெளியிட்டது பிளாஸ்டிக் தலைமுறை. 2008இல் உலோகச் சக்கரங்கள் வந்தன. 2015இல் சிதறும் பம்பரங்களான பர்ஸ்ட் தலைமுறை வந்தது. சிதறுதல் என்ற கருத்தை எக்ஸ் வரிசை அங்கிருந்துதான் பெற்றது, ஆனால் அளவோடு வைத்துக்கொண்டது. பம்பரம் சிதறுவது இங்கே முடிவுகளில் ஒன்று மட்டுமே. தண்டவாளமே ஆட்டத்தின் மையம்.

தொடக்கத்தில் வந்த நான்கு பம்பரங்களே இன்றும் நல்ல அறிமுகம். டிரான் ஸ்வார்டு 3-60 எஃப் தாக்குதலுக்கு, ஹெல்ஸ் சைத் 4-60 டி சமநிலைக்கு, விஸார்டு ஆரோ 4-80 பி நீடித்த சுழற்சிக்கு, நைட் ஷீல்டு 3-80 என் தற்காப்புக்கு என்று பிரித்திருக்கிறார்கள். இவற்றுள் டிரான் ஸ்வார்டும் ஹெல்ஸ் சைத்தும் தம் வேலையைச் செவ்வனே செய்கின்றன. ஹெல்ஸ் சைத்தின் கூம்பு முனை, மெல்ல ஏவினால் நடுவில் நிற்பதும் வலுவாக ஏவினால் தண்டவாளத்தைத் தேடிப்போவதுமாக, கற்றுக்கொள்ள ஏற்ற பம்பரமாக அதை ஆக்குகிறது; புதிதாகத் தொடங்கும் ஒருவரிடம் ஒன்றே ஒன்றைக் கொடுக்கச் சொன்னால் இதையே கொடுப்பேன். நைட் ஷீல்டு அப்படியல்ல. ஊசிமுனை நடுவில் நிற்கத்தான் உதவுகிறது. பாய்ந்து வரும் பம்பரத்தின் அடி விழும்போது, உயர்ந்த ராட்செட்டின் மேல் நிற்கும் அந்தப் பம்பரம் எளிதில் நிலைகுலைகிறது. தற்காப்பு என்ற வகையே இந்தக் களத்தில் இடம் தேடித் தவிக்கிறது என்பதை ஒரு விமர்சனமாகவே பதிவு செய்கிறேன். ஆனால் நைட் ஷீல்டு பிளேடை உயரம் குறைந்த ராட்செட்டிலும் உருண்டை முனையிலும் பொருத்திப் பாருங்கள். அதே பிளேடு வேறு உறுதியுடன் நிற்கும். இப்படி மாற்றிப் பொருத்திப் பார்ப்பதில்தான் இந்த வரிசையின் உண்மையான சுவை இருக்கிறது. பாகங்களைக் கழற்ற எந்தக் கருவியும் வேண்டாம், திருகினால் போதும்.

எக்ஸின் உட்பிரிவாக 2024இல் தொடங்கிய யூஎக்ஸ் வரிசை, உலோகத்தை வேண்டிய இடத்தில் குவிக்கும் வடிவமைப்புக்கு மாறியது. எடை மையத்திலிருந்து தள்ளிப் போகப் போக, ஒரே எடையுள்ள பம்பரம் சுழற்சியை அதிக நேரம் தக்கவைத்துக்கொள்ளும் என்பது இயற்பியலின் அடிப்படைப் பாடம். அந்தப் பாடத்தை விஸார்டு ராட் 5-70 டிபி அளவுக்கு முழுமையாகக் கற்ற பம்பரம் வேறில்லை. ஐந்து புடைப்புகள் உள்ள ராட்செட்டும், பக்கவாட்டில் அகன்ற தட்டுடன் கூடிய உருண்டை முனையும், விளிம்பில் எடை குவிந்த பிளேடும் சேர்ந்து, அது களைத்துச் சாயும் தறுவாயில்கூடத் தட்டின் மேல் உருண்டு சில சுற்றுகள் தாங்குகிறது. போட்டிகளில் இது தொடர்ந்து முன்னணியில் இருந்ததில் வியப்பில்லை. ஆனால் எதைத் தீர்க்கத் தண்டவாளம் போடப்பட்டதோ, அதே பழைய குறை இந்தப் பம்பரத்தின் வழியே மீண்டும் எட்டிப் பார்க்கிறது. பீனிக்ஸ் விங் போன்ற கனத்த பிளேடைத் தாக்குதல் முனையில் பொருத்தி, தக்க நேரத்தில் பாயவிட்டால் விஸார்டு ராடை வீழ்த்த முடியும். அதற்குக் கை நன்றாகப் பழகியிருக்க வேண்டும். விஸார்டு ராடை ஏவுவதற்கோ அத்தனை பழக்கம் தேவையில்லை. சிறுவர்கள் தமக்குள் ஆடும்போது, ஒருவரிடம் மட்டும் இது இருந்தால் மற்றவர்கள் விரைவில் ஊக்கம் இழப்பார்கள். எல்லோரும் பொதுவாகப் பயன்படுத்தும் பம்பரங்களுள் ஒன்றாக இதை வைத்துக்கொள்வது நல்லது.

எக்ஸ் வரிசையில் இடப்பக்கம் சுழலும் முதல் பம்பரமாக வந்தது கோபால்ட் டிராகூன். இரண்டு பம்பரங்களும் ஒரே திசையில் சுழன்றால், அவை தொடும் புள்ளியில் இரு விளிம்புகளும் எதிரெதிராக ஓடுகின்றன. அதனால் அடி பலமாக விழுகிறது. திசைகள் மாறுபட்டாலோ தொடும் புள்ளியில் இரு விளிம்புகளும் ஒரே பக்கமாக ஓடுகின்றன. அடி மென்மையாகிறது, வேகமாகச் சுழலும் பம்பரத்தின் சுழற்சி மெதுவான பம்பரத்துக்கு மெல்ல மெல்லப் போய்ச் சேர்கிறது. சுற்றின் இறுதியில் இரண்டும் ஒன்றையொன்று உரசியபடி சாயும் காட்சியில், எது முதலில் நிற்கும் என்று கடைசிக் கணம்வரை சொல்ல முடியாது. இயற்பியலை இவ்வளவு தெளிவாகக் கண்முன் காட்டும் விளையாட்டுப் பொருள் மிகக் குறைவு. ஆனால் இதற்கு இடப்பக்கச் சுழற்சிக்கான லாஞ்சர் தனியாக வேண்டும் என்பதை வாங்கும்முன் நினைவில் கொள்ளுங்கள்.

2025இல் வந்த சிஎக்ஸ் வரிசையில் பிளேடையே மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். சேர்க்கைகள் பெருகின என்பது உண்மை. ஆனால் மூன்று பாகம் என்ற அந்த எளிமை போய், கீழே விழுந்தால் தேடி எடுக்க வேண்டிய சிறு துண்டுகளும் பெருகின. எனக்கு இது தேவையான மாற்றமாகத் தோன்றவில்லை.

இனி என் மனக்குறைக்கு வருகிறேன். ஸ்டார்ட்டர் (பம்பரமும் லாஞ்சரும்), பூஸ்டர் (பம்பரம் மட்டும்) பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று வெளியிலேயே எழுதியிருக்கிறது. ரேண்டம் பூஸ்டர் பெட்டிகளில் அப்படியில்லை. அந்தத் தொகுப்பில் உள்ள பம்பரங்களுள் எது உள்ளே இருக்கிறது என்பது திறந்த பிறகே தெரியும். பலரும் தேடும் முதன்மைப் பம்பரத்துக்காகப் பெட்டி மேல் பெட்டியாக வாங்க நேர்கிறது. நல்ல முனைகளும் ராட்செட்டுகளும் இத்தகைய பெட்டிகளில் ஒளிந்திருக்கும்போது, ஆட்டத்துக்குத் தேவையான ஒன்று குலுக்கல் பரிசாகிவிடுகிறது. சிறப்பு நிறங்களில் வரும் பதிப்புகளை இப்படி விற்றால் நான் முறையிட மாட்டேன், அது சேகரிப்பவரின் விருப்பம். விளையாடுவதற்கு வேண்டிய பாகத்தை ஒரு சிறுவன் தன் சேமிப்பைக் கொண்டு தேர்ந்தெடுத்து வாங்க முடிய வேண்டும். இவ்வளவு கவனத்துடன் ஓர் ஆட்டத்தை வடிவமைத்தவர்கள், அந்தச் சிறுவனுக்கு இந்த நேர்மையைத் தந்திருக்க வேண்டும்.

ஜப்பானுக்கு வெளியே 2024 முதல் ஹாஸ்ப்ரோ நிறுவனம் இதே வரிசையைத் தருகிறது. பெயர்கள் சற்றே மாறுகின்றன: டிரான் ஸ்வார்டு அங்கே ஸ்வார்டு டிரான், ஹெல்ஸ் சைத் அங்கே சைத் இன்சென்டியோ. இரு நிறுவனங்களின் பாகங்களும் ஒன்றோடொன்று பொருந்துவதால், எதைத் தொடங்கினாலும் சேகரிப்பு வீணாகாது. போலிகளிடம் மட்டும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எடை குறைந்த உலோகமும் தளர்ந்த பூட்டும் கொண்ட பிளேடு, ஆட்டத்தைக் கெடுப்பதோடு, உடைந்து தெறித்தால் ஆபத்தும் ஆகும்.

தேய்மானத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிட்டுகள் பிளாஸ்டிக்கால் ஆனவை. தட்டை முனைகள் ஆட ஆட ஓரம் மழுங்கி, பாய்ச்சலின் போக்கே மாறிவிடும். போட்டிக்கு ஒன்று, பயிற்சிக்கு ஒன்று என்று இரண்டு முனைகளை வைத்துக்கொள்வது அனுபவசாலிகளின் வழக்கம். லாஞ்சர்களில் பல்பட்டையை இழுத்து ஏவும் வகையும் கயிற்றை இழுத்து ஏவும் வகையும் உண்டு. கயிற்று லாஞ்சரில் பட்டையைத் தனியே செருக வேண்டியதில்லை, சுற்றுக்குச் சுற்று விரைவாக ஆடலாம். பழகும் கைக்கு அதுவே ஏற்றது.

வாங்க நினைப்பவர் முதலில் களத்தை வாங்க வேண்டும். தண்டவாளம் இல்லாத பழைய களத்திலோ வெறும் தரையிலோ இந்தப் பம்பரங்களுக்குப் பாதி உயிர்கூட இல்லை. அத்துடன் ஒரு தாக்குதல் ஸ்டார்ட்டரும் ஒரு சமநிலை ஸ்டார்ட்டரும் போதும், இருவர் ஆடலாம். மூன்று பம்பரங்களுடன் மோதும் போட்டிமுறையில் ஒரே பாகத்தை இரண்டு பம்பரங்களில் பயன்படுத்தக் கூடாது என்பதால், அதற்குப் போகும்போது வேறு வேறு ராட்செட்டுகளும் முனைகளும் கொண்ட பெட்டிகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். உலோகம் உலோகத்தில் மோதும் வேகம் சிறிதல்ல. களத்தின் ஒளிபுகும் மூடியைப் பொருத்திய பிறகே ஏவ வேண்டும், பம்பரம் நிற்கும்வரை யாரும் களத்துக்கு மேல் முகத்தைக் குனிக்கக் கூடாது.