அடைக்கு வாய்த்த தட்டு: ஓவனில் ஸ்டோன்வேர் வைத்து ஓராண்டுக் காலைச் சமையல்

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டில் காலையில் சாப்பிட உட்காருகிறவர்கள் ஆறு பேர். அடை என்றால் தோசைக்கல்லின் முன் ஒருவர் முக்கால் மணி நேரம் நிற்க வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் என் அம்மா. எல்லோரும் எழுந்து போன பிறகு, ஆறிப்போன கடைசி அடையை நின்றுகொண்டே தின்றுவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போய்விடுவார். இதை மாற்ற ஒரு வழி வேண்டும் என்ற எண்ணத்தில்தான் சென்ற ஆண்டு ஆடி மாதத்தில் ஸ்டோன்வேர் தட்டு ஒன்றும் அதே மண்ணில் செய்த ஆறு சிறு கிண்ணங்களும் வாங்கினேன். ஓராண்டாக வாரத்தில் மூன்று நான்கு நாள் இவற்றை ஓவனில் வைத்துச் சமைத்துப் பார்த்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

ஸ்டோன்வேர் என்றவுடன் பலருக்கும் கல்சட்டி நினைவுக்கு வருகிறது. கல்சட்டி மாக்கல்லைக் குடைந்து செய்வது; ஸ்டோன்வேர் களிமண்ணில் வனைவது. நம் வீட்டு மண்சட்டி ஏறத்தாழ 1,000 டிகிரி செல்சியஸுக்குள் சுடப்படுவதால் அதில் நீர் கசியும். ஸ்டோன்வேர் 1,200 முதல் 1,300 டிகிரி வரை சுடப்படுவதால் மண்ணில் உள்ள சில பொருள்கள் உருகிக் கண்ணாடிபோல் இறுகி, தட்டினால் கல்லின் ஓசை தரும். மேலே பழுப்பும் கீழே வெள்ளையுமாகப் பாட்டி வீட்டுப் பரணில் இருந்த ஊறுகாய் ஜாடியும் இந்த வகைதான். நாம் அதைப் பீங்கான் ஜாடி என்று சொல்லிப் பழகிவிட்டோம். எனவே இது நமக்கு அந்நியப் பொருள் அன்று. கடலூர் மாவட்டத்து விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர். புதுச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-இல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்னும் மண்பாண்டப் பட்டறையைத் தொடங்கிய பிறகு, உயர் வெப்பத்தில் சுடும் இக்கலையைக் கற்றவர்கள் ஊரைச் சுற்றிலும் ஆரோவில் பக்கத்திலும் பட்டறைகள் வைத்திருக்கிறார்கள். அப்படி ஒரு சிறு பட்டறையில்தான் நான் வாங்கினேன்.

தட்டு வட்டமானது, குறுக்களவு 28 சென்டிமீட்டர், தடிமன் 12 மில்லிமீட்டர், எடை 1.6 கிலோ. மேல்பக்கம் கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சு இல்லாதது. களிமண்ணோடு, சுட்ட மண்ணை உடைத்த குருணையையும் கலந்து செய்ததால் கையால் தடவினால் மெல்லிய மணல் நெருடல் இருக்கும். வெப்பத்தில் விரிந்து சுருங்கும்போது விரிசல் ஓடாமல் தடுப்பதற்கே அந்தக் குருணை என்று வனைந்தவர் விளக்கினார். தட்டு 1,850 ரூபாய். கிண்ணம் ஒன்று 320 ரூபாய். கிண்ணங்களுக்கு உள்ளும் புறமும் கிளேஸ் உண்டு. உணவுக்கு ஏற்ற, ஈயம் சேராத கிளேஸ்தானா என்று கேட்டு உறுதி செய்துகொண்டேன். வாங்குகிற எவரும் கேட்க வேண்டிய கேள்வி இது.

எங்கள் ஓ.டி.ஜி. (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின்சாதனம்) ஓவன் 40 லிட்டர் கொள்ளளவும் 1,600 வாட் திறனும் கொண்டது. தட்டைச் சுற்றிலும் இரண்டு விரல் இடைவெளி இருப்பதால் சூடான காற்று மேலும் கீழும் போய்வருகிறது. இந்த இடைவெளி இல்லாமல் தட்டு முழுத் தளத்தையும் அடைத்துக்கொண்டால் அடிப்பக்கம் கருகி மேல்பக்கம் வெளுத்திருக்கும் என்பதால், தட்டு வாங்குமுன் ஓவனின் உட்புறத்தை அளந்துகொண்டு போவது நல்லது.

முதலில் நான் கற்ற பாடம் சூடேற்றுவதைப் பற்றியது. ஓவனின் விளக்கு பத்து நிமிடத்தில் அணைந்துவிடும். அது காற்றின் சூட்டைச் சொல்கிறதே தவிர, தட்டின் சூட்டை அன்று. சுட்ட மண் வெப்பத்தை மிக மெதுவாகவே கடத்தும். அலுமினியத்தில் நொடியில் பரவும் சூடு இதில் அங்குலம் அங்குலமாக நகர்கிறது. எனவே தட்டைக் குளிர்ந்த ஓவனுக்குள்ளேயே வைத்துவிட்டு, 200 டிகிரிக்குத் திருப்பி அரைமணி நேரம் காத்திருக்க வேண்டும். போதுமான சூடு ஏறியதா என்று அறிய ஒரு சிட்டிகை அரிசி மாவைத் தட்டின் நடுவில் தூவுவேன். அது வெள்ளையாகவே கிடந்தால் இன்னும் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். அரை நிமிடத்தில் பொன்னிறமாகி வறுத்த மாவின் மணம் எழுந்தால் தட்டு தயார். சூடு எவ்வளவு மெதுவாக ஏறுகிறதோ அவ்வளவு மெதுவாகவே இறங்கும் என்பதுதான் இந்தத் தட்டின் பலம் முழுவதும். ஈர மாவை ஊற்றியவுடன் மெல்லிய தகரத் தட்டு குளிர்ந்துவிடும். இதுவோ தன்னுள் சேர்த்த சூட்டைச் சிறிது சிறிதாகக் கொடுத்துக்கொண்டே இருக்கும்.

அந்தப் பலம் முழுமையாகத் தெரிவது அடையில்தான். புழுங்கலரிசி இரண்டு பங்கு, கடலைப் பருப்பும் துவரம் பருப்பும் ஒவ்வொரு பங்கு, உளுந்து கால் பங்கு ஊறவைத்து, காய்ந்த மிளகாய், சோம்பு, பெருங்காயம் சேர்த்துக் கொரகொரப்பாகவும் கெட்டியாகவும் அரைக்கிறோம். நறுக்கிய சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, கிடைத்தால் முருங்கைக்கீரை. ஓவனின் கம்பித் தட்டைப் பாதி வெளியே இழுத்து, அதன் மேலுள்ள ஸ்டோன்வேர் தட்டில் நல்லெண்ணெய் தடவி, மாவை நடுவில் விட்டுக் கரண்டியின் அடியால் ஓரம்வரை தள்ளினால் ஒரு விரல் தடிமனில் ஒரே பெரிய அடை உருவாகும். மேலே மீண்டும் ஒரு கரண்டி எண்ணெய் சுற்றிவிட்டுக் கதவை மூடினால் 22 நிமிடம் யாரும் பக்கத்தில் நிற்க வேண்டியதில்லை. பன்னிரண்டாவது நிமிடத்தில் ஓரம் தட்டிலிருந்து தானாக விலகிச் சுருங்கும். அந்த இடுக்கில் எண்ணெய் சிறு குமிழிகளாகக் கொதிப்பதைக் கண்ணாடி வழியே பார்க்கலாம். பதினெட்டாவது நிமிடத்தில் மேலே தெரியும் பருப்புத் துகள்கள் செந்நிறமாகும். எடுத்துத் துண்டு போட்டால் அடிப்பக்கம் ஒரே சீராக, கரும்புள்ளி இல்லாமல், வெல்லப்பாகின் நிறத்தில் மொறுமொறுவென்றிருக்கும். நடுப்பகுதி வெந்து மிருதுவாக இருக்கும். தோசைக்கல்லில் இவ்வளவு தடிமனாக வார்த்தால் நடுவில் பச்சை மாவு வாடை போகாது. நடுவில் ஓட்டை போட்டு எண்ணெய் விடும் வித்தை இங்கே தேவைப்படவில்லை. திருப்பிப் போடவும் வேண்டாம்.

ஒரு பெரிய அடை மூன்று பேருக்குப் போதும். முதல் அடை பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கும் அப்பாவுக்கும். அவர்கள் சாப்பிடும்போதே இரண்டாவது வெந்துகொண்டிருக்கும். சூடேறும் நேரத்தையும் கூட்டினால் மொத்த நேரம் தோசைக்கல்லைவிடக் கூடுதலே. விரைவை எதிர்பார்த்து இதை வாங்க வேண்டாம். ஆனால் அந்த நேரத்தில் அம்மா கதவைப் பார்த்தபடி நாற்காலியில் அமர்ந்து காப்பி குடிக்கிறார். "அடுப்பாண்ட நிக்காமலே அடை வருதே" என்று முதல் நாள் அவர் சொன்னது எனக்கு 1,850 ரூபாயைவிடப் பெரிது. இப்போது இரண்டாவது அடைக்கு அவரும் நானும் சேர்ந்தே உட்காருகிறோம்.

அடுத்த சிறப்பு இந்த ஊருக்கே உரிய ரொட்டி. மாலையில் ரொட்டிக்கடையில் வாங்கிய நீள பிரெஞ்சு ரொட்டி, கடற்காற்றின் ஈரத்தை வாங்கிக்கொண்டு, விடிவதற்குள் மேல்தோல் தோல்வாரைப்போல் நமத்தும் உள்ளே வறண்டும் போய்விடும். கையை நனைத்து ரொட்டியின் மேல் தடவி, 180 டிகிரிச் சூட்டில் உள்ள தட்டின் மேல் ஆறு நிமிடம் வைத்தால் தோல் மீண்டும் நொறுங்கும் பதத்துக்கு வந்து, உள்பகுதி மெத்தென்றாகிறது. ரொட்டி பழசாவதற்குக் காரணம் அதன் மாவுப் பொருள் மீண்டும் படிகமாக இறுகுவதுதான். 60 டிகிரிக்கு மேல் சூடாகும்போது அந்த இறுக்கம் தளர்கிறது. வெறும் கம்பித் தட்டில் வைத்தாலும் இது நடக்கும் என்றாலும் ஸ்டோன்வேர் தட்டில் வைத்தால் அடிப்பக்கமும் மொறுமொறுப்பாகிறது. ஆறியபின் மறுபடி இறுகிவிடும் என்பதால் உடனே சாப்பிட வேண்டும்.

கேழ்வரகு அடை நன்றாகவே வருகிறது. ஆனால் ஓவனின் வறண்ட சூட்டில் ஓரம் வெடிக்கும். மாவைக் கொதிநீரில் பிசைந்து, எண்ணெய் தடவிய வாழையிலையில் தட்டி, தட்டின் மேல் கவிழ்த்து இலையை உரித்தால் வெடிப்பு குறைகிறது.

கிண்ணங்களில் முட்டை. அடியில் இரண்டு கரண்டி தக்காளித் தொக்கு, அதன் மேல் ஒரு முட்டையை உடைத்து ஊற்றி, மிளகுத் தூள் தூவி 180 டிகிரியில் 12 நிமிடம். வெள்ளைக்கரு நடுவில் லேசாக ஆடும்போதே எடுத்துவிட வேண்டும்; கிண்ணத்தின் சூடு மேலும் இரண்டு மூன்று நிமிடம் வேகவைத்துக்கொண்டே இருக்கும். இதை அறியாமல் முதல் வாரம் மஞ்சள்கரு மாவுபோல் உதிரும்வரை விட்டுவிட்டேன். குளிர்ந்த கிண்ணத்தைச் சூடான தட்டின் மேல் வைக்கக் கூடாது; கம்பியின் மேல்தான் வைக்க வேண்டும்.

தோசைக்கு இந்தத் தட்டு ஆகாது. நான்கு முறை முயன்றேன். மாவை ஊற்றிச் சுழற்றுவதற்குள் அடிப்பாகம் தட்டைப் பிடித்துக்கொள்கிறது, இழுத்தால் கிழிகிறது, மெல்லியதாக வார்க்கவே முடியவில்லை. தோசைக்குத் தேவை அடியில் எரியும் தீயின் வேகத்தை உடனுக்குடன் மேலே தரும் இரும்பு. சூட்டை நொடிக்கு நொடி கூட்டிக் குறைக்கும் வசதியும் வேண்டும். அவை இரண்டும் இதில் இல்லை. இரும்புக் கல்லைப் பரணில் ஏற்றிவிட்டு இதை வாங்கலாம் என்று எண்ணுபவர்கள் ஏமாறுவார்கள்.

விரிசல்தான் எல்லோருக்கும் உள்ள அச்சம். இதற்கு முன் இணையத்தில் வாங்கிய வேறொரு தட்டு மூன்றாவது பயன்பாட்டிலேயே இரண்டாகப் பிளந்தது. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த மாவை நேரே அதன்மேல் விட்டது என் தவறு. அப்படிச் செய்யக் கூடாது என்று ஒரு வரிகூட அச்சிடாமல் அனுப்பியது விற்றவரின் தவறு. இந்தப் பட்டறையில் அதற்கு மாறாக, ஒரு முழுத் தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தார்கள். மாவு அறை வெப்பத்துக்கு வந்திருக்க வேண்டும். சூடான தட்டை ஈரத் துணியின் மேலோ கிரானைட் மேடையின் மேலோ வைக்காமல், ஓவனுக்குள்ளேயே ஆறவிட வேண்டும். 200 டிகிரியைத் தாண்ட வேண்டாம் என்றும் எழுதியிருந்தார்கள். சுட்ட மண்ணில் கிரிஸ்டோபலைட் என்னும் சிலிக்கா வடிவம் உண்டாகியிருந்தால் ஏறத்தாழ 226 டிகிரியில் அது திடீரென்று விரியும், அந்த எல்லையை அடிக்கடி கடப்பது பாத்திரத்துக்கு நல்லதன்று என்று வனைந்தவர் காரணமும் சொன்னார். என் ஓவனின் திருகு சொல்லும் அளவுக்கும் உள்ளே வைத்த வெப்பமானிக்கும் இருபது டிகிரி வேறுபாடு இருந்ததால், வெப்பமானியையே நம்புகிறேன்.

கிளேஸ் இல்லாத தட்டுக்குச் சோப்பு போடுவதில்லை. ஆறியபின் தோசைத் திருப்பியால் சுரண்டி, வெந்நீரில் தேங்காய் நாரால் தேய்த்தால் போதும். முதல் மாதம் எண்ணெய்க் கறை திட்டுத் திட்டாகப் படிந்து பார்க்கவே மனம் வருந்தியது. இப்போது தட்டு முழுவதும் புளியங்கொட்டை நிறத்துக்கு மாறி, அடை ஒட்டாமல் எழும்பி வருகிறது. ஐப்பசி கார்த்திகை மழையில் கிளேஸ் இல்லாத தட்டு சிறிது ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால், அந்நாள்களில் 100 டிகிரியில் கால்மணி நேரம் உலர்த்திய பிறகே சூட்டைக் கூட்டுகிறேன். உள்ளே சிக்கிய நீர் ஆவியாக வெடித்துக் கிளம்பினால் தட்டு தாங்காது.

மின்செலவைக் கணக்குப் பார்த்தால், சூடேற்றுவதும் இரண்டு அடையும் சேர்ந்து ஒரு காலைக்கு ஏறத்தாழ ஒரு யூனிட் ஆகிறது. ஒருவர் இருவர் உள்ள வீட்டில் இது வீண், தோசைக்கல்லே சிக்கனம். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமையில் அடை, ரொட்டி, முட்டை மூன்றையும் ஒரே சூட்டில் முடித்துவிட முடிகிறது. அணைத்த பிறகும் தட்டு நெடுநேரம் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும். அதில் வேர்க்கடலையைப் பரப்பிவிட்டால் கருகாமல் வறுபட்டுச் சட்னிக்குத் தயாராகிவிடும். அக்னி நட்சத்திர நாள்களில் மட்டும் சமையலறை தாங்காது. சித்திரைக் கடைசி முதல் வைகாசி நடுவரை தட்டுக்கு ஓய்வு கொடுத்துவிட்டோம்.

நான்குக்கு மேற்பட்டவர்கள் உள்ள, அடையும் ரொட்டியும் விரும்பி உண்ணும் வீடுகளுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். தட்டின் வட்ட வடிவம் மட்டும் எனக்கு நிறைவில்லை. நீள ரொட்டியைப் பாதியாக வெட்டித்தான் வைக்க வேண்டியிருக்கிறது. ஓவனின் உள்ளளவைக் கொடுத்து, 36 சென்டிமீட்டர் நீளத்தில் செவ்வகத் தட்டு ஒன்று சொல்லியிருக்கிறேன். மழைக்கு முன் உலர்ந்து சூளை ஏறிவிட்டால் தீபாவளிக்குள் தருவதாகச் சொன்னார்கள்.