ஒரு குப்பைத்தொட்டிக்காக எஃப்டெலிங் போகலாமா?

கோடை விடுமுறையில் ஜெர்மனியிலிருந்து குடும்பத்தோடு வரவிருக்கும் நண்பர் கேட்டிருக்கிறார்: "பிள்ளைகளை எஃப்டெலிங் கூட்டிப்போனால் கொடுத்த காசு செரிக்குமா? இல்லை, பேசாமல் பாரிஸ் டிஸ்னிலேண்டுக்கே போய்விடலாமா?" எஃப்டெலிங் நெதர்லாந்தில் இருக்கும் ஒரு கேளிக்கைப் பூங்கா. அதே நாட்டின் ஐந்தோவன் நகரில் குடியிருக்கிறோம், கையில் பூங்காவின் ஆண்டுச் சந்தா அட்டையும் இருக்கிறது என்பதால் இந்தக் கேள்வி எங்கள் வீட்டு வாசலுக்கு அடிக்கடி வருகிறது. இந்த முறை எழுதியே வைத்துவிடுகிறேன். எந்த ரோலர் கோஸ்டருக்கு எவ்வளவு வரிசை என்பதையெல்லாம் பூங்காவின் செயலி சொல்லிவிடும். நான் சொல்லப்போவது ஹெய்ஸைப் பற்றி.

ஹோலே போலே ஹெய்ஸ் ஒரு குப்பைத்தொட்டி. டச்சுக் குழந்தைப் பாடல் ஒன்றில் வரும் பெருந்தீனிக்காரரை, வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கும் குண்டு மனிதராகச் செய்து பூங்காவில் பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். 1950களின் கடைசியிலிருந்தே அங்கே இருக்கிறார். "காகிதம் இங்கே, காகிதம் இங்கே" என்று டச்சில் ஓயாமல் கூப்பிடுவார். கை துடைத்த தாளை அவர் வாயருகே கொண்டுபோனால் உள்ளிருந்து காற்று இழுக்கும். முதலில் தாளின் நுனி மட்டும் நடுங்கும். பிறகு விரலிடுக்கிலிருந்து சட்டென்று பறிபோய்விடும். உடனே கணீரென்று ஒரு நன்றி. அவ்வளவுதான் சங்கதி. ஆனால் அந்த நன்றியைக் கேட்ட என் மகளின் முகத்தைப் பார்த்திருந்தால், பத்து மாடி உயரத்துக்கு ராட்டினம் கட்டுகிறவர்கள் எல்லாம் எதற்கு மெனக்கெடுகிறார்கள் என்று தோன்றும்.

என் எரிச்சலும் அங்கேதான் தொடங்குகிறது. நால்வருக்கு டிக்கெட் எடுத்தால் கண்ணைக் கட்டும் விலை. உள்ளே போனால் பிள்ளைகள் செய்வது குப்பை பொறுக்குவது. முதலில் என் பைக்குள் இருந்த ரசீதுகள் போயின. அடுத்து பூங்காவின் வரைபடம். பிறகு உறைகளிலிருந்து உருவிய ஈரத்தாள்கள், ஒன்றன்பின் ஒன்றாக. ஊரிலிருந்து வந்திருந்த என் மாமியாரின் மருந்துச்சீட்டை ஹெய்ஸின் உதட்டோரத்திலிருந்து மீட்டேன். கைவசம் காகிதம் தீர்ந்ததும் மகள் பக்கத்து பெஞ்சில் இருக்கும் டச்சுப் பாட்டிகளிடம் போய், பள்ளியில் கற்ற சுத்தமான டச்சில், ஐஸ்கிரீம் சுற்றிய தாள் கிடைக்குமா என்று கேட்பாள். அவர்களும் நெகிழ்ந்துபோய்க் கொடுப்பார்கள். இதற்குள் அந்தப் பக்கம் டிரோம்ஃப்ளுக்ட் என்ற சவாரிக்கு வரிசை நீண்டுகொண்டே போகும். நானோ கையில் புளியோதரை டப்பாவோடு, "அந்த அலுமினியத் தாளை அவர் சாப்பிடமாட்டார், வா" என்று கெஞ்சிக்கொண்டிருப்பேன்.

அதற்காகப் பூங்காவைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வட பிராபன்ட் மாகாணத்தில், காட்ஸ்ஹூவல் என்ற சின்ன ஊரை ஒட்டிய மரங்களுக்கு நடுவே, 1952 மே 31 அன்று பத்துக் கதைகளின் காட்சிகளோடு, பூங்காவின் 'கதைக்காடு' என்ற பகுதியைத் திறந்தார்கள். கலிபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் வந்ததே 1955இல்தான். கோட்டோவியக்காரர் அன்டன் பீக் வரைந்து கொடுத்தார். அவற்றை அசையவும் மூச்சு விடவும் வைத்த தொழில்நுட்ப மூளை பீட்டர் ரெய்ண்டர்ஸ். அட்டையிலும் சாயத்திலும் ஒப்பேற்றக்கூடாது, செங்கல்லும் மரமுமாகக் கட்டவேண்டும் என்று பீக் நிபந்தனை போட்டார் என்பார்கள். அந்த வீடுகளைத் தொட்டுப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. கூரை வேண்டுமென்றே கோணல். ஓட்டின் மேல் நிஜப் பாசி. தூங்கும் இளவரசியின் அறையில் எட்டிப் பார்த்தால், அவள் மார்பு மெல்ல ஏறி இறங்கும். வழியோரத்தில் சிவப்புக் காளான்கள் நிற்கும். குனிந்து காதை வைத்தால் உள்ளேயிருந்து சின்னதாக ஒரு மினுவெட் நடன இசை கேட்கும். என் மகன் அதில் காதை ஒட்டிக்கொண்டு கண்ணை மூடியபடி நிற்பான். வீட்டில் ஒரு நிமிடம் சும்மா இருக்காத பிள்ளை.

மாமியாருக்குப் பிடித்தது பறக்கும் ஃபக்கீர். 1958இலிருந்து அவர் அங்கே பறந்துகொண்டிருக்கிறார். கோபுரத்திலிருந்து வெளியே வந்து புல்லாங்குழல் ஊதுவார், கீழே ட்யூலிப் பூக்கள் தலைதூக்கும், பிறகு கம்பளத்தில் ஏறி எதிர்க் கோபுரத்துக்குப் போய்விடுவார். "நம்ம பக்கத்து ஆள் மாதிரி இருக்கிறான், ஊதினால் மல்லிகை பூக்கக்கூடாதா?" என்று கேட்டுவிட்டு, ஃபக்கீர் திரும்பி வரும்வரை அங்கேயே நின்றார். நாணயம் போட்டால் பின்பக்கமாகப் பொற்காசு உதிர்க்கும் கழுதைக்கு மாமியாரிடம் கிடைத்த மரியாதை வேறு. பேரப்பிள்ளைகளைவிட அவர்தான் அதிகம் சிரித்தார்.

தீக்குச்சிச் சிறுமியின் வீடு பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. 2004இல் கட்டியது. இருட்டில் பனி, தெருவோரத்தில் தீக்குச்சி விற்கும் அந்தப் பெண், அவள் கொளுத்தும் ஒவ்வொரு குச்சிக்கும் ஒரு காட்சி. மிக அழகாகச் செய்திருக்கிறார்கள், ஆனால் முடிவு, கதையை எழுதிய ஆண்டர்சன் எழுதியபடியேதான்: சிறுமி குளிரில் இறந்துபோகிறாள். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் வெளியே வந்ததும் கேள்விகளுக்குத் தயாராக இருங்கள். என் மகள், "ஏன் யாரும் வாங்கவில்லை?" என்று கேட்டாள். பதில் யோசிப்பதற்குள், நல்லவேளை, ஹெய்ஸ் கூப்பிட்டார்.

டிஸ்னிலேண்டோடு ஒப்பிடச் சொன்னால், அங்கே கதாபாத்திரங்கள் உங்களைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். இங்கே கதைகள் உங்களைக் கண்டுகொள்ளாமல் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும், நீங்கள்தான் ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கவேண்டும். எனக்கு இதுதான் பிடிக்கும். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குக் காட்டில் கால் மணி நேரத்தில் அலுத்துவிடலாம். அவர்களுக்கு 1981இலிருந்து ஓடும் பைத்தான், 2015இல் வந்த பாரன் 1898 என்ற ரோலர் கோஸ்டர்கள் இருக்கின்றன. விட்டுவிட்டு நீங்கள் காளானிடம் போகலாம். இங்கே பள்ளி நடக்கும் நாளாகப் பார்த்து, வாரத்தின் நடுவில் வருவது நல்லது. சாப்பாடு கட்டிக்கொண்டு வரத் தடையில்லை.

இவ்வளவும் சொல்லிவிட்டு, சந்தா அட்டையை இந்த ஆண்டு நான் புதுப்பிக்கப்போவதில்லை. காரணம் பூங்காவில் இல்லை, எங்கள் சமையலறையில் இருக்கிறது. பென்சில் சீவலாக இருந்தாலும் பிஸ்கட் உறையாக இருந்தாலும், குப்பைக்கூடைக்குப் பின்னால் நான் குந்தி உட்கார்ந்து குண்டுக்குரலில் கூப்பிட்டால்தான் உள்ளே போகிறது. போட்ட பிறகு நன்றி சொல்ல மறந்தால், எடுத்து மறுபடி போடுகிறார்கள். காலையில் அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரத்தில் இது ஒரு தந்தைக்குத் தேவையா?

ஆகவே நண்பரே, டிஸ்னிலேண்டை விட்டுவிடுங்கள், தாராளமாக எஃப்டெலிங் போங்கள். என் பிள்ளைகள் இரண்டு பேரையும் உங்களோடு அனுப்பிவைக்கிறேன், மாமியாரும் வரத் தயார். நான் வரவில்லை. வரும்போது ஜெர்மன் செய்தித்தாள் பழையது ஒரு கட்டு கொண்டுவாருங்கள், எங்கள் வீட்டில் தீர்ந்துவிட்டது.