காரைக்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்கான ஒரு பயிற்சிக் கூடம்

முதுகுத்தண்டில் அடிபட்ட பிறகு யாரையும் பார்க்கப் பிடிக்காமல் அறைக்குள்ளேயே முடங்கிவிட்ட என் தம்பிக்கு, காரைக்குடியில் நடுவே முற்றமுள்ள பழைய வளவு வீடு ஒன்றில் நடைபெறும் இந்தப் பயிற்சிக் கூடம் பெரிய ஆறுதலாக அமைந்திருக்கிறது. கையால் சுழற்றும் மிதிவண்டிக் கருவியில் அமர்த்தும் முன், பயிற்சியாளர் அவனுடைய தோலில் எங்காவது சிவப்பு தென்படுகிறதா என்று பார்த்து, இருக்கைத் திண்டைச் சரிசெய்கிறார். உணர்ச்சியற்ற இடத்தில் அழுத்தப்புண் வந்தால் அவனுக்குத் தெரியாது என்பதை அறிந்தவர் செய்யும் வேலை அது. மாற்றுத்திறனாளிகளான பெரியவர்களுக்கும் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்பு வேண்டும் என உலக சுகாதார நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்ததைச் சுவரில் எழுதி வைத்திருந்தாலும், இங்கே யாரையும் விரட்டுவதில்லை. முடிந்த அளவில் தொடங்கி மெல்லக் கூட்டுகிறார்கள். தம்பி இப்போது நன்றாகத் தூங்குகிறான், உடன் பயில்வோரோடு வாய்விட்டுச் சிரிக்கிறான். மனச்சோர்வுக்கான மருந்தை மட்டும் மருத்துவர் சொற்படி தொடர்கிறோம்.

குறை வாசலில்தான் இருக்கிறது. உயர்ந்த திண்ணைக்குச் செங்குத்தாகப் போட்டிருக்கும் சாய்தளத்தில் பிறர் தள்ளாமல் ஏற முடியாது. ஓரடி உயரத்துக்குக் குறைந்தது 12 அடி நீளம் என்ற கணக்கில் அதைக் கட்டியிருக்க வேண்டும். ஈரம் பட்டால் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் ஊன்றுகோல் வழுக்குவதால், நடைவழிக்கு ரப்பர் விரிப்பும் உடனே போட வேண்டும்.