மண்டபத்துல மேக்ரோ டியூஷன், நம்பி சேரலாம்

எம்.ஏ. எகனாமிக்ஸ்ல மேக்ரோ பேப்பர்ல, அதாவது நாட்டோட மொத்தப் பொருளாதாரத்தப் பத்தின பேப்பர்ல, ரெண்டு தடவ அரியர் விழுந்தப்புறம்தான் ராமேஸ்வரம் பக்கத்துல இருக்குற மண்டபம் ஊர்ல, ஒரு மாடில நடக்குற இந்த டியூஷனுக்குப் போனேன். சார் போர்டுல ஐ.எஸ்-எல்.எம் கோடு (வட்டிக்கும் நாட்டு வருமானத்துக்கும் உள்ள தொடர்ப காட்டுற படம்) போடுறதுக்கு முன்னாடி விசைப்படகு லோன்ல இருந்துதான் ஆரம்பிப்பாரு, 2022 மே மாசம் 4 சதவீதத்துல இருந்த ரெப்போ ரேட்ட, அதாவது மத்த பேங்குகளுக்கு குடுக்குற கடனோட வட்டிய, ரிசர்வ் பேங்க் ஏத்த ஆரம்பிச்சு 2023 பிப்ரவரிக்குள்ள 6.5க்கு கொண்டு போனப்ப லோன் வட்டி எப்டி ஏறும்னு கணக்கு போட்டு காட்டுனாரு, எங்க அப்பா ஏன் அப்ப புது வலை வாங்குறத தள்ளிப் போட்டாருன்னு அன்னிக்குதான் புரிஞ்சுச்சு, மனசே கனத்துப் போச்சு. ஃபிஸ்கல் பாலிசிய (அரசோட வரி, செலவு கொள்கை) மட்டும் ரெண்டே கிளாஸ்ல முடிச்சுட்டாரு, அது பத்தாது. மீன்பிடி தடைக்காலம் 61 நாளும் ஃபீஸ் கேட்டு நெருக்கவே மாட்டாரு. பாம்பன், தங்கச்சிமடம் பிள்ளைங்களுக்கு சாயங்கால பேட்ச்தான் வசதி.