ஒரு பியானோ, இரண்டு சுண்டெலிகள்

ஆஸ்கர் விழா நமக்குத் திங்கட்கிழமை விடியற்காலையில்தான் வந்து சேரும். லாஸ் ஏஞ்சலஸில் அது ஞாயிறு மாலை. இங்கே பால் பாக்கெட்டைக் கத்தரித்து, பிள்ளைகளைப் பள்ளிக்குக் கிளப்பும் நேரம். மார்ச் மாதம் என்பதால் தேர்வுக் காய்ச்சல் வேறு. எங்கள் வீட்டில் விருது சீசன் என்றால், யாருக்கு என்ன கிடைத்தது என்று டிபன் டப்பாவை மூடிக்கொண்டே செல்போனில் ஒரு பார்வை பார்ப்பதோடு சரி.

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு நாள் அக்கா மகன் எட்டிப்பார்த்து, "டாம் அண்ட் ஜெர்ரிக்கெல்லாம் இது தருவாங்களா மாமா?" என்றான். பத்து வயது. கேலியாகத்தான் கேட்டான். "தந்திருக்காங்கடா, ஏழு தடவை" என்றேன். நம்பவில்லை. அவன் தங்கைக்கு ஆறு வயது. அவளுக்கு ஆஸ்கர் என்றால் என்னவென்றே தெரியாது, ஆனால் டாம் என்ற பெயர் காதில் விழுந்ததும் சோபாவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

ஏழு முறை என்பது உண்மைதான். 1943இல் வந்த 'தி யாங்கி டூடுல் மவுஸ்' தொடங்கி 1952இன் 'யோஹான் மவுஸ்' வரை ஏழு குறும்படங்கள். அதில் முதல் நான்கும் வரிசையாக நான்கு ஆண்டுகள். அந்த நான்காவது படத்தில்தான் ஒரு பழைய பஞ்சாயத்து இருக்கிறது. எம்ஜிஎம் நிறுவனத்தின் 'தி கேட் கான்செர்டோ' அது. டாம் மேடையில் பியானோ வாசிக்கிறான், ஜெர்ரி உள்ளே தூங்குகிறான். ஏறக்குறைய அதே நேரத்தில் வார்னர் பிரதர்ஸும் ஒரு கார்ட்டூன் எடுத்திருந்தது. பெயர் 'ராப்சடி ராபிட்'. அதில் பக்ஸ் பன்னி என்ற முயல் மேடையில் பியானோ வாசிக்கிறான், உள்ளே ஒரு சுண்டெலி. இரண்டிலும் கோட்டு, சூட்டு, கச்சேரி மேடை. இரண்டிலும் எலிப்பொறி. இரண்டிலும் வாசிக்கும் இசைகூட ஒன்றே: பிரான்ஸ் லிஸ்ட்டின் இரண்டாம் ஹங்கேரிய ராப்சடி.

யாரைப் பார்த்து யார் அடித்தார்கள்? முயல் படம் 1946 நவம்பரில் திரைக்கு வந்தது. பூனை படம் பொதுமக்களுக்கு வந்தது 1947 ஏப்ரலில். ஆனால் அதற்கு ஒரு மாதம் முன்பே, மார்ச் 13 அன்று நடந்த விழாவில் பூனை ஆஸ்கரை வாங்கிவிட்டது. முயலுக்குப் பரிந்துரைகூட இல்லை. வார்னரிலிருந்து வேறொரு கார்ட்டூன்தான் பட்டியலில் இருந்தது. இரண்டு ஸ்டுடியோவும் ஒன்றையொன்று திருடன் என்றன. பிரதிகள் தயாரான டெக்னிகலர் லேபில் ஒருவர் படம் இன்னொருவர் கைக்குத் தவறிப் போய்விட்டது என்று ஒரு கதை உண்டு. ஆஸ்கர் தரும் அகாடமிக்காரர்களுக்குப் போட்டுக் காட்டியபோது பூனை முதலில் ஓடியது, அதனால் பின்னால் வந்த முயல் காப்பி மாதிரித் தெரிந்துவிட்டது என்று இன்னொரு கதை. இரண்டுமே நிரூபணமானவை அல்ல.

முயலை இயக்கிய ஃபிரிஸ் ஃப்ரிலெங் பக்கம் ஒரு வலுவான சாட்சியம் இருக்கிறது. இதே ராப்சடியை வைத்து 1941இலேயே அவர் 'ராப்சடி இன் ரிவெட்ஸ்' எடுத்தார். ஒரு வானளாவிய கட்டடத்தை வேலையாட்கள் இசைக்குழு மாதிரி கட்டுவார்கள், மேஸ்திரிதான் நடத்துநர். அதற்கு ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது. அதே சமயம், பியானோ கார்ட்டூன் அப்போது ஒரு ஃபேஷன் என்பதையும் சொல்ல வேண்டும். பூனை வென்ற அதே ஆண்டுப் பட்டியலில், ஷோப்பான் என்ற இசை மேதையின் இசையை வைத்து வால்டர் லான்ட்ஸ் தயாரித்த கார்ட்டூன் ஒன்றும் இருந்தது, அதிலும் பியானோதான். எனக்கு இந்த வழக்கில் தீர்ப்பு சொல்லும் ஆசை இல்லை. எந்தப் படம் நல்ல படம் என்பதுதான் கேள்வி. அதற்கு நடுவர்கள் சோபாவில் தயாராக இருந்தார்கள்.

முதலில் பூனையைப் போட்டேன். (இது தப்பு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.)

டாம் மேடைக்கு வருகிறான். தலை வணங்குகிறான், உட்காருகிறான், கண்ணை மூடி மூக்கை உயர்த்திக்கொண்டு ஆரம்பிக்கிறான். ஒரு நிமிடத்துக்கு வேறு எதுவுமே நடப்பதில்லை. இப்போதைய கார்ட்டூன்களில் ஒரு நிமிடத்துக்குள் மூன்று பேர் கத்தி, இரண்டு பேர் விழுந்து, ஒரு பாட்டும் முடிந்திருக்கும். பிள்ளைகள் நெளிவார்கள் என்று எதிர்பார்த்தேன். நெளியவில்லை. சின்னவள் டாமின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் அத்தனை கர்வம். இவன் மாட்டப்போகிறான் என்று ஆறு வயசுக்குத் தெரிகிறது.

பியானோவின் சுத்தியல்கள் தட்டித் தட்டி ஜெர்ரி எழுகிறான். அங்கிருந்து ஏழு நிமிடப் படத்தில் நடப்பதெல்லாம் அந்தப் பியானோவுக்குள்ளேயே நடக்கிறது. கட்டைகள் மீது மூடி விழுகிறது, விரல் நசுங்குகிறது. கட்டைகள் இருந்த இடத்தில் பொறி முளைக்கிறது. டாம் காலால் வாசித்துக்கொண்டே கையால் எலியைத் தேடுகிறான். அவன் வாசிப்பதை நிறுத்த முடியாது என்பதுதான் விஷயமே. எதிரே அரங்கம் நிறைய ஆட்கள். அடிபட்டாலும் முகத்தில் காட்டக்கூடாது. கல்யாண மேடையில் வேட்டி அவிழும்போதும் சிரித்துக்கொண்டே போட்டோவுக்கு நிற்கிற மாப்பிள்ளை மாதிரி. பையன் விழுந்து விழுந்து சிரித்தது அடி விழும்போது அல்ல, அடி விழுந்த மறுகணம் டாம் மறுபடி கண்ணை மூடி மூக்கை உயர்த்தியபோது.

அடுத்து முயல். பக்ஸ் பன்னி வருகிறான். கூட்டத்தில் யாரோ இருமுகிறார். வாசிக்கப் போகும்போதெல்லாம் இருமல். பக்ஸ் துப்பாக்கியை எடுத்துச் சுடுகிறான், இருமல் நிற்கிறது. நான் சத்தமாகச் சிரித்தேன். அரங்கில் இருமுகிறவர்களை, கச்சேரி நடுவே செல்போன் அலற விடுகிறவர்களைப் பற்றி நம் எல்லோருக்கும் உள்ள ரகசிய ஆசை அது. சின்னவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "அவரு செத்துட்டாரா?" என்றாள். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

கொஞ்ச நேரத்தில் போன் மணி அடிக்கிறது. பக்ஸ் எடுத்து, பிரான்ஸ் லிஸ்ட்டா, கேள்விப்பட்டதே இல்லையே, ராங் நம்பர் என்று வைத்துவிடுகிறான். லிஸ்ட் எழுதியதைத்தான் அவன் அந்த நேரம் முழுக்க வாசித்துக்கொண்டிருக்கிறான். பெரியவர்களுக்கு இது தேன். பையன் கேட்டான்: "எந்த லிஸ்ட் மாமா?" மளிகை லிஸ்ட், ரேங்க் லிஸ்ட் என்று மட்டுமே அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்தவன். ஹங்கேரியில் பிறந்து 1886இல் இறந்த ஒரு பியானோ மேதையைப் பற்றி நான் விளக்கி முடிப்பதற்குள் திரையில் இரண்டு நகைச்சுவை ஓடிப் போயிருந்தன.

முயலின் பலமும் பலவீனமும் இந்த இடத்தில்தான். பக்ஸ் பேசுகிறான். மெல் பிளாங்க்கின் குரலில் நம்மைப் பார்த்தே பேசுகிறான், ஒரு கையால் வாசிக்கிறேன் பார் என்கிறான், மேடையையே கிண்டலடிக்கிறான். ஆங்கிலத்தின் குறும்பு காதில் பழகியவர்களுக்கு அது பூனையைவிட ஒரு படி மேல், இதை நான் ஒப்புக்கொள்கிறேன். பூனை படத்தில் ஒரு வசனம்கூட இல்லை. 1947இல் அமெரிக்கத் தியேட்டரில் பெரிய படத்துக்கு முன்னால் பல வயதுக்காரர்கள் பார்த்த அந்த ஏழு நிமிடம், டப்பிங்கும் விளக்கமும் இல்லாமல் எங்கள் வீட்டு ஹாலில் அப்படியே வேலை செய்கிறது.

ஆனால் வசனத்தை மட்டும் காரணமாகச் சொன்னால் அது பாதிதான். பக்ஸுக்கு இழக்க ஒன்றுமில்லை. வந்ததுமே ஒரு ரசிகரைச் சுட்டவன் அவன்; அந்தச் சபையில் மானம் போனால்தான் அவனுக்கு என்ன? அவனை இம்சிக்கும் சுண்டெலிக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது, அந்தப் படத்துக்காக வந்து போகும் எலி. டாமுக்கும் ஜெர்ரிக்கும் நடுவில் 1940இலிருந்து தீராத கணக்கு இருக்கிறது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தக் கணக்கு வரிக்கு வரி தெரியும்.

இசையிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது. லிஸ்ட்டின் இந்த ராப்சடி முதலில் மெதுவாக, கனமாக நடக்கும். இரண்டாம் பாதியில் தலைதெறிக்க ஓடும். கார்ட்டூனுக்கென்றே தைத்த சட்டை. இரண்டு படங்களிலும் நடுவே சுண்டெலி இசையை நவீன மெட்டுக்குத் திருப்புகிறது. முயல் படத்தில் அது பூகி-வூகி என்ற துள்ளல் பியானோ இசை. பூனை படத்தில் ஜெர்ரி சுத்தியல்கள் மீது ஆடி வரவழைப்பது எம்ஜிஎம்மின் சொந்தப் படமான 'தி ஹார்வி கேர்ள்ஸ்' படத்தில் வந்த ஒரு ரயில் பாட்டு. வேடிக்கை என்னவென்றால், சிறந்த பாடலுக்கான ஆஸ்கரை அந்தப் பாட்டு வாங்கியதும் அதே இரவில்தான். தன் வீட்டுப் பாட்டைத் தன் வீட்டு எலியை விட்டே ஆட வைத்து, இரண்டுக்கும் விருது வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

முடிவுகளும் கிட்டத்தட்ட ஒன்றே. முயல் படத்தில் சுண்டெலி தனக்கென்று ஒரு குட்டிப் பியானோவைக் கொண்டுவந்து கடைசி ஓட்டத்தைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறது. புத்திசாலித்தனமான முடிவு, கச்சிதம். பூனை படத்தில் ஜெர்ரி சுத்தியல்களை ஒடித்துக் கையில் வைத்துக்கொண்டு உள்ளிருந்தே வாசிக்கிறான், நிறுத்தமாட்டேன் என்கிறான். முடிந்தது என்று டாம் மூச்சு விடும்போதெல்லாம் மறுபடி தொடங்குகிறது. கோட்டு கிழிந்து, முடி கலைந்து, டாம் கட்டைகள் மீதே சாய்கிறான். விளக்கு ஜெர்ரி மீது விழுகிறது. குட்டிக் கோட்டு போட்டுக்கொண்டு அவன் கைதட்டல் வாங்குகிறான். சின்னவள் கைதட்டவில்லை. "பாவம் டாம்" என்றாள். எழுபத்தைந்து வருடம் தாண்டிய கோட்டுச் சித்திரத்துக்கு இதைவிட என்ன வேண்டும்.

கைதட்டலை வேறு ஆள் வாங்குவது திரைக்கு வெளியிலும் நடந்தது. அந்தப் படங்களை இயக்கியவர்கள் வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பெராவும். ஆனால் அப்போதைய வழக்கப்படி கார்ட்டூன் விருது தயாரிப்பாளருக்கு. மேடையேறிச் சிலைகளை வாங்கியவர் ஃபிரெட் குவிம்பி. ஜெர்ரி வந்து வணங்கும் அந்தக் கடைசிக் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும்.

அதற்காக ஆஸ்கர்காரர்கள் எப்போதும் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பக்ஸ் பன்னி நடித்த 'வாட்ஸ் ஓபரா, டாக்?' 1957இல் வந்தது. சக் ஜோன்ஸ் இயக்கியது. கார்ட்டூன் உலகத்தவர்கள் பலர் தலையில் வைத்துக் கொண்டாடும் படம், 1992இல் அமெரிக்காவின் தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் இடம்பெற்றது. அதற்கு ஒரு பரிந்துரைகூட இல்லை. பக்ஸுக்கு வாழ்நாளில் கிடைத்தது ஒரே ஆஸ்கர், 1958இன் 'நைட்டி நைட் பக்ஸ்' படத்துக்காக. முயல் தரப்புக்கு மனக்குறை இருந்தால் அது நியாயமான மனக்குறை. இப்போது அதையும் சொல்லிப் பயனில்லை. எம்ஜிஎம்மின் அந்தப் பழைய கார்ட்டூன்கள் டர்னர் நிறுவனம் வழியாக 1996இல் வார்னர் பிரதர்ஸின் தாய் நிறுவனமான டைம் வார்னர் கைக்குப் போய்விட்டன. வழக்காடிய பூனையும் முயலும் ஒரே கூரையின் கீழ்.

இப்போதைய விருதுப் படம் ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாமே என்று, அடுத்த வாரம் 'ஃப்ளோ' போட்டேன். 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கிய லாட்வியா நாட்டுப் படம். இதிலும் பூனை, இதிலும் வசனம் கிடையாது. வெள்ளத்தில் ஊர் முழுகிவிட, ஒரு படகில் சில விலங்குகள். பையன் கடைசி வரை அசையாமல் பார்த்தான். சின்னவள் தண்ணீர் ஏறும் இடத்தில் தலையணைக்குப் பின்னால் போய்விட்டாள், "அதோட வீட்டுக்காரங்க எங்க?" என்று மூன்று தடவை கேட்டாள். அழகான படம்தான். ஆனால் இரண்டாம் முறை போடச் சொல்லி இதுவரை யாரும் கேட்கவில்லை. டாம் கச்சேரியைப் பதினோராவது தடவையோ பன்னிரண்டாவது தடவையோ பார்த்தாகிவிட்டது. என் காதில் லிஸ்ட் தூக்கத்திலும் ஓடுகிறார்.

சரி, அந்தத் தப்பு. போன மாதம் வந்திருந்த சித்தப்பா பேத்திக்கு வரிசையை மாற்றி, முயலை முதலில் போட்டேன். எட்டு வயது. துப்பாக்கிக்குச் சிரித்தாள், குட்டிப் பியானோவுக்குக் கைதட்டினாள். அப்புறம் பூனையைப் போட்டதும் அரை நிமிடத்தில், "இது அந்த முயல் படத்தைப் பார்த்து எடுத்ததா?" என்று கேட்டாள். அப்படிக் கேட்டவள்தான் படம் முடிந்ததும் இரண்டில் எது வேண்டும் என்றதற்குப் பூனை என்றாள். ஆனால் முயலும் வேண்டுமாம், அதையும் அழிக்காமல் வைக்கச் சொன்னாள். எங்கள் வீட்டு இருவரிடம் அந்த முயலுக்கு இவ்வளவுகூடக் கிடைக்கவில்லை. ஆகவே உங்கள் வீட்டில் இரண்டையும் போடுவதாக இருந்தால் முயலை முதலில் போடுங்கள்.