ஒசாகா, கியோட்டோ, நாரா மட்டும்தான் போகிறீர்களா? அந்த ஏழு நாள் ரயில் பாஸை வாங்கிவிடாதீர்கள்

போன மாதம் ஜப்பான் போய்விட்டு வந்தேன், தனியாக. ஒன்பது நாளும் ஒசாகாவில் ஒரே விடுதியில் தங்கிக்கொண்டு கியோட்டோ, நாரா, கோபே, ஹிமேஜி என்று பக்கத்து ஊர்களுக்கு ரயிலில் போய் வருவதுதான் திட்டம். டோக்கியோ பக்கமே போகவில்லை. இதை முழுக்கக் கேட்டுக்கொண்ட பிறகுதான், எனக்கு விமான டிக்கெட் போட்டுக் கொடுத்த டிராவல் ஏஜென்சிக்காரர், ஜப்பான் முழுக்க ஜேஆர் (ஜப்பான் ரயில்வே) ரயில்களில் செல்லும் ஏழு நாள் ஜேஆர் பாஸை என் தலையில் கட்டினார்.

"மேடம், நீங்க தனியா போறீங்க. அங்க யாருக்கும் இங்கிலீஷ் வராது. டிக்கெட் மெஷின் முழுக்க ஜப்பான் எழுத்து. பாஸ் இருந்தா எந்த ரயில்லயும் ஏறலாம், யாரையும் ஒரு வார்த்தை கேக்க வேண்டாம்." நான் எதற்குப் பயப்படுகிறேன் என்பது அவருக்குச் சரியாகத் தெரிந்திருந்தது. பாஸ் 50,000 யென். அதற்கு மேல் சேவைக் கட்டணம், சீட் முன்பதிவுக் கட்டணம். மொத்தம் 34,000 ரூபாய் கட்டினேன்.

அவர் கொடுத்தது பாஸ் அல்ல, பாஸுக்கான ஒரு தாள். ஒசாகாவுக்கான கான்சாய் விமான நிலையத்தில் இறங்கியதும் முதல் வேலையாக அந்தத் தாளைக் கொடுத்துப் பாஸாக மாற்றிக்கொள்ளச் சொல்லியிருந்தார். அப்படியே செய்தேன். அதே கவுன்ட்டரில் என் சீட் முன்பதிவைக் கேட்டேன். அந்தப் பெண் கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, எதுவும் இல்லை என்றார். பாஸ் வைத்திருப்பவர்களுக்கு சீட் முன்பதிவு இலவசம், அதைக் கவுன்ட்டரிலேயே செய்துகொள்ளலாம் என்றும் பொறுமையாகச் சொன்னார். இல்லாத ஒன்றுக்கு என்னிடம் பணம் வாங்கியிருக்கிறார்கள் என்று அங்கேதான் தெரிந்தது.

மறுநாள் காலை கியோட்டோ போக, ஒசாகாவின் உமேதா பகுதியில் ஹான்க்யூ ரயில் நிலையத்துக்குள் போனேன். பாஸை கேட்டில் நுழைத்ததும் இரண்டு சின்னக் கதவுகளும் பட்டென்று மூடிக்கொண்டன. பின்னால் வேலைக்குப் போகும் கூட்டம். நிலைய ஊழியர் ஓடி வந்து பாஸைப் பார்த்தார். இரண்டு கைகளையும் நெஞ்சுக்கு முன்னால் குறுக்காக வைத்து "இல்லை" என்று காட்டினார். பிறகு தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார், தவறு அவருடையது போல. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஏஜென்சிக்காரர் சொல்லாமல் விட்டது இதுதான். அந்தப் பகுதியில் ஜேஆர் தவிர ஹான்க்யூ, ஹான்ஷின், கெய்ஹான், கின்டெட்சு என்று தனியார் ரயில்கள் ஓடுகின்றன, ஒசாகா மெட்ரோவும் இருக்கிறது. இவை எதிலும் அந்தப் பாஸ் செல்லாது. என் விடுதி இருந்த நம்பாவிலிருந்து கின்டெட்சு ரயில் நேராக நாராவுக்குப் போகிறது. நாற்பது நிமிடம், எழுநூறு யென்னுக்குள். இறங்கினால் மான்கள் திரியும் பூங்கா பக்கத்திலேயே. நானோ, இவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய பாஸ் வீணாகக் கூடாதே என்று, காசு கொடுத்து மெட்ரோவில் ஒசாகா நிலையம் போய், அங்கிருந்து ஜேஆரில் நாரா போய், ஜேஆர் நாரா நிலையத்திலிருந்து இருபது நிமிடம் மழையில் நடந்தேன்.

சரி, புல்லட் ரயிலாவது பயன்படுமா என்றால் அதுவும் இந்தத் தூரத்துக்கு வேண்டாம். ஷின்கான்சென் என்ற அந்தப் புல்லட் ரயில் ஒசாகா நிலையத்துக்கு வராது, ஷின்-ஒசாகா என்ற வேறு நிலையத்தில்தான் நிற்கும். அங்கிருந்து கியோட்டோ பதினைந்து நிமிடம்தான், ஆனால் ஷின்-ஒசாகா வரைக்கும் போய்ச் சேர வேண்டுமே. ஒசாகா நிலையத்திலிருந்தே ஷின்கைசோகு என்ற விரைவு ரயில் அரை மணி நேரத்தில் கியோட்டோவில் விடுகிறது. 580 யென். முன்பதிவு எதுவும் வேண்டாம்.

அந்த ரயிலில் ஒரு காட்சி. எனக்கு முன்னால் ஏறிய ஒரு பாட்டி, எதிர்ப்பக்கம் பார்த்திருந்த இருக்கையின் முதுகைப் பிடித்து ஒரே தள்ளு தள்ளினார். முதுகு அப்படியே மறுபக்கம் போக, இருக்கை ரயில் போகும் திசைக்குத் திரும்பிவிட்டது. என்னைப் பார்த்துச் சிரித்து, பக்கத்தில் உட்காரச் சொல்லிக் கை காட்டினார். இவர்கள் மத்தியில்தான் நான் திண்டாடுவேன் என்று அந்த மனிதர் என்னைப் பயமுறுத்தியிருந்தார்.

மெஷின் விஷயத்திலும் சொன்னது பொய். திரையில் ஆங்கிலத்துக்கு ஒரு பொத்தான் இருக்கிறது. ஜேஆரில் நிலையங்களுக்கு எண் உண்டு: கியோட்டோ ஏ31, ஒசாகா ஏ47, கோபேயின் சன்னோமியா ஏ61. கட்டணம் குழப்பமாக இருந்தால் குறைந்த டிக்கெட்டை எடுத்துக்கொண்டு ஏறலாம். இறங்கும் இடத்தில் வெளியே வருமுன் மீதியைக் கட்ட ஒரு மெஷின் இருக்கிறது. முன்கூட்டியே பணம் போட்டு வைக்கும் இகோகா அட்டை வாங்கிவிட்டால் இதுகூடத் தேவையில்லை. மெட்ரோ, ஹான்க்யூ, கின்டெட்சு, ஜேஆர் எல்லாவற்றிலும் தட்டிவிட்டுப் போகலாம். தனியாகப் போகும் பெண்களுக்கு இன்னொன்று: ஒசாகா, கியோட்டோ, கோபே வழியாக ஓடும் ஜேஆர் சாதாரண ரயில்களில் பெண்களுக்கு மட்டுமான பெட்டி நாள் முழுக்க உண்டு. பிளாட்பாரத் தரையிலேயே இளஞ்சிவப்பில் குறித்திருக்கிறார்கள். ஷின்கைசோகுவில் அது கிடையாது.

கடைசி நாள் இரவு நோட்டில் கணக்குப் போட்டேன். விமான நிலையம் போய்வர 2,400 யென். கியோட்டோ, நாரா, கோபே, ஹிமேஜி நான்குக்கும் ஜேஆரில் போய்வரும் கட்டணம் சேர்த்து ஏழாயிரத்துக்குள். எல்லாம் கூட்டினாலும் பத்தாயிரத்தைத் தொடவில்லை. நான் கொடுத்தது ஐம்பதாயிரம்.

பாஸ் மேலேயோ ரயில்வே மேலேயோ எனக்குக் குறை இல்லை. ஒரே வாரத்தில் நாடு முழுக்கச் சுற்றுபவர்களுக்கு அது கட்டுப்படியாகலாம். 2023 அக்டோபர் வரை ஏழு நாள் பாஸ் 29,650 யென்தான், அப்போது டோக்கியோவிலிருந்து கியோட்டோ போய் வந்தாலே ஏறக்குறைய போட்ட காசு வந்துவிடும். அதற்குப் பிறகு 50,000 ஆகிவிட்டது. இன்று அதே பயணத்துக்குத் தனியாக டிக்கெட் எடுத்தால் முப்பதாயிரத்துக்குள் முடிந்துவிடும். பயணம் விற்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு இது தெரியாது என்று என்னால் நம்ப முடியவில்லை. ஒசாகா, கியோட்டோ எல்லாம் இருக்கும் கான்சாய் பகுதிக்கு மட்டும் செல்லும் பாஸ் ஒன்றும் இருக்கிறது, விலை இதில் கால் பங்குகூட வராது. அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

ஊர் திரும்பியதும் நேரில் போய்க் கேட்டேன். "யூஸ் பண்ணிட்டீங்களே மேடம்" என்றார். அது உண்மைதான், பயன்படுத்தத் தொடங்கிய பாஸுக்குப் பணம் திரும்பாது. சீட் முன்பதிவுக்கு வாங்கிய பணத்தையாவது கொடுங்கள் என்றேன். ரசீதில் "சேவைக் கட்டணம்" என்று ஒரே தொகையாகத்தான் எழுதியிருந்தார்கள். முன்பதிவு என்ற சொல்லே அதில் இல்லை.

இப்போது இதை எழுதக் காரணம், என்னோடு வேலை பார்க்கும் பெண் அதே இடத்தில் அதே பாஸுக்குப் பணம் கட்டியிருக்கிறாள். அவளும் தனியாகத்தான் போகிறாள், ஒசாகாவும் கியோட்டோவும் மட்டும். அவளிடம் இருப்பது இன்னும் பாஸாக மாற்றாத தாள். மாற்றாத தாளுக்கு, வாங்கிய இடத்திலேயே, ஒரு வருடத்துக்குள் கேட்டால் பிடித்தம் போகப் பணம் திரும்பக் கிடைக்கும். உங்களிடமும் அப்படி ஒரு தாள் இருந்தால், விமானம் ஏறுவதற்கு முன்னால் போய்க் கேளுங்கள். நாளைக் காலை அவளோடு நானும் போகிறேன், என் ரசீதையும் எடுத்துக்கொண்டு.